தாசேக் கெலுகோரில் பொலிபியஸ்

ஜார்ஜ் டவுனிலிருந்து பட்டர்வொர்த்துக்குச் செல்லும் ஃபெரியில் ஏறி உட்கார்ந்தால், நீரைக் கடக்க ஆகும் அந்தச் சிறுபொழுதுக்குள், ஒரு சாம்ராஜ்யம் தீவிலிருந்து பெருநிலத்தின்மேல் காலெடுத்து வைத்த சரித்திரம் முழுவதும் பிரயாணியின் கண்முன் விரிந்துவிடுகிறது. பின்புறம் கார்ன்வாலிஸ் கோட்டையின் தாழ்ந்த மதில். முன்புறம் செபராங் பிறை. மலாய் மொழியில் செபராங் என்றால் அக்கரை. நம்மவர் வாழ்க்கையில் இந்த அக்கரை என்ற சொல் எத்தனை பிரிவுகளையும் எத்தனை ஏக்கங்களையும் சுமந்திருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டே, அன்று காலை மடியில் ஒரு புத்தகத்துடன் அமர்ந்திருந்தேன். அது பொலிபியஸ் என்னும் கிரேக்க ஆசிரியர் இரண்டாயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய சரித்திரத்தின் மொழிபெயர்ப்பு. தாசேக் கெலுகோருக்குப் போகிறவன் கையில் ரோமாபுரியின் சரித்திரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, பொலிபியஸ் யார் என்பதை முதலில் சொல்லிவிடுவதே முறை.

கிரேக்க நாட்டின் ஆர்க்கேடியாப் பகுதியிலுள்ள மெகலோபொலிஸ் என்ற நகரத்தில் கி.மு. 200-ஐ ஒட்டிப் பிறந்தவர் அவர். தந்தை லைகோர்ட்டாஸ், அக்காயச் சம்மேளனம் என்று வழங்கிய கிரேக்க நகரங்களின் கூட்டமைப்பில் தலைவர்களுள் ஒருவர். மகனும் இளம்வயதிலேயே அதன் குதிரைப்படைத் தலைமைக்கு உயர்ந்தவர். கி.மு. 168-இல் பிட்னா என்ற இடத்தில் மாசிதோனிய அரசை முறியடித்த ரோமானியர், தங்களுக்கு மனமார உதவவில்லை என்ற சந்தேகத்தின்பேரில், அக்காய நாட்டின் முக்கியஸ்தர் ஆயிரம் பேரை விசாரணை என்று சொல்லி அடுத்த ஆண்டே இத்தாலிக்குக் கொண்டுபோனார்கள். விசாரணை நடக்கவேயில்லை. பதினேழு ஆண்டுகள் கழித்து ஊர் திரும்ப அனுமதி கிடைத்தபோது உயிரோடிருந்தவர்கள் சுமார் முந்நூறு பேர். அந்த ஆயிரம் பிணையாளரில் ஒருவர்தாம் பொலிபியஸ். தம் நாட்டை விழுங்கிய வல்லரசின் தலைநகரத்திலேயே சிறையிருந்து, அந்த வல்லரசு எப்படி உண்டாயிற்று என்பதை நாற்பது பாகங்களில் எழுதிவைத்தவர். இன்று முழுமையாக நமக்குக் கிடைப்பவை முதல் ஐந்து பாகங்கள் மட்டுமே. மற்றவை துண்டுகளும் சுருக்கங்களுமாகச் சிதறிக் கிடக்கின்றன.

அவர் கேட்ட கேள்வி ஒன்றே. ஐம்பத்துமூன்று ஆண்டுகள்கூட நிறையாத காலத்துக்குள், தமக்குத் தெரிந்த உலகம் ஏறக்குறைய முழுவதும் ரோமானியரின் ஆணைக்கு அடங்கியது எவ்வாறு, எத்தகைய அரசியல் ஏற்பாட்டின் பலத்தால்? இதற்கு விடை தேடுகிறவன் நூல்நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதினால் போதாது என்பது அவருடைய உறுதியான சித்தாந்தம். ஏதென்ஸ் நகரத்தில் ஐம்பது ஆண்டுகள் நூல்களுக்கு நடுவே இருந்துகொண்டே சரித்திரம் எழுதிய திமாயஸ் என்பவரை அவர் கண்டித்திருக்கும் கடுமை படிக்கிறவரையே கூசவைக்கும். கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் ஆல்ப்ஸ் மலையைக் கடந்த வழியைத் தாமே நடந்து பார்த்தார். இத்தாலியின் தென்கோடியிலுள்ள லாக்கீனியத்தில், ஹன்னிபாலே பொறித்துவைத்த வெண்கலப் பட்டயத்தைக் கண்ணால் கண்டு, அவன் இத்தாலியில் இறங்கியபோது எஞ்சியிருந்தவை 20,000 காலாளும் 6,000 குதிரையும் என்ற கணக்கை அதிலிருந்து எடுத்தெழுதினார். ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் இடையே பண்டைக் காலத்தில் ஏற்பட்ட உடன்படிக்கைகளைத் தேடிப் படித்தார். அவற்றுள் மிகப் பழையதன் லத்தீன், அக்காலத்து ரோமானிய வித்துவான்களுக்கே முயன்றால்தான் விளங்கியதாம். இடத்தைப் பார், ஏட்டைப் படி, இருந்தவரைக் கேள் என்ற அந்த மூன்று விதிகளையும் எனக்கு இயன்ற அளவில் பின்பற்றிப் பார்க்கவேண்டும் என்ற ஆசைதான் என்னை அன்று அக்கரை ஏற்றியது.

பட்டர்வொர்த்தில் கொமுட்டர் ரயில் ஏறினால் புக்கிட் தெங்ஙா, புக்கிட் மெர்தாஜாம், அடுத்தது தாசேக் கெலுகோர். தாசேக் என்றால் ஏரி. கெலுகோர் என்பது ஒரு புளிப்புக் காய் காய்க்கும் மரம். ரயில் நிலையத்தில் எனக்காகக் காத்திருந்த பெரியவர் வாலிபத்தில் பால்மரம் சீவியவர், பிறகு செம்பனைத் தோட்டத்தில் பல்லாண்டு உழைத்து ஓய்ந்தவர். அவருடைய பாட்டனாரைக் கங்காணி கப்பலேற்றியது சிவகங்கைச் சீமையிலிருந்து. என் தாய்வழிப் பாட்டனாரும் காளையார்கோயில் பக்கத்தவர் என்று ஒரு கல்யாண வீட்டில் பேச்சுவாக்கில் தெரியவந்த நாள்முதல், எங்களுக்குள் உறவின் பெயர் தெரியாத ஓர் உறவு ஏற்பட்டுவிட்டது.

"வாங்க தம்பி, மொதல்ல வீட்டுக்குப் போய் கோப்பி குடிப்போம். ஆத்தங்கரைக்கு வெயில் தாழப் போகலாம்" என்றார்.

வீட்டு வாசலில், பழைய பாயொன்றின்மேல் கெலுகோர்க் காயின் துண்டுகள் உலர்ந்துகொண்டிருந்தன. மஞ்சள் நிறமான காய், பூசணியைப்போல் வரிவரியாகப் பள்ளம் விழுந்தது, உள்ளங்கையில் அடங்கும் அளவு. பெரியவருடைய மனைவியார் அதைக் குறுக்கே வைத்து வெற்றிலை கனத்துக்குச் சீவிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வில்லையும் விளிம்பு நெளிந்த ஒரு சின்னப் பூவாகக் கத்தியிலிருந்து விழுந்தது. முதல்நாள் சீவியது வெளுப்பாக இருந்தது. இரண்டாம் நாளுடையது ஓரம் சுருங்கிச் செம்பழுப்பாகியிருந்தது. பாயின் கோடியில் கிடந்தவை தோலைப்போல் கறுத்து விறைத்துவிட்டன. மலாய்க்காரர் ஆசாம் கெப்பிங் என்று சொல்லும் இந்த உலர்ந்த வில்லைதான் பினாங்கு லக்சாவின் குழம்புக்கு அந்தக் கூர்மையான புளிப்பைக் கொடுக்கிறது. நம்மவர் மீன்குழம்பிலும் அது எப்போதோ இடம்பிடித்துவிட்டது. "மீனு உடையாது தம்பி, நம்ம புளியவிட இது நல்லாருக்கும்" என்றார் அந்த அம்மாள். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டேன். சற்று நேரம் பேச முடியவில்லை.

கோப்பி ஆறும்வரை, நான் குறித்துவைத்திருந்த உடன்படிக்கைகளைப் பெரியவருக்குப் படித்துக் காட்டினேன். பொலிபியஸ் ஒரு யுத்தத்தைப்பற்றிப் பேசும்போது, காரணம் வேறு, சாக்கு வேறு, தொடக்கம் வேறு என்று மூன்றையும் பிரித்துக் காண வேண்டும் என்பார். இம்மூன்றையும் குழப்பிக்கொள்கிறவன் நோயின் காரணம் அறியாத வைத்தியனுக்குச் சமானம் என்பது அவர் கருத்து. பினாங்கின் கதையை இந்த உரைகல்லில் உரைத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியே நிறம் காட்டுகிறது. தொடக்கம், 1786 ஆகஸ்ட் 11-ஆம் தேதி கேப்டன் பிரான்சிஸ் லைட் தீவில் கொடியேற்றியது. சாக்கு, சயாமியருக்கு அஞ்சிய கெடா சுல்தான் அப்துல்லா முகரம் ஷா, தம் பகைவரை ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி தன் பகைவராகக் கருதவேண்டும் என்று கேட்டது. காரணமோ, சீனத் தேயிலை வர்த்தகத்துக்குச் செல்லும் கம்பெனிக் கப்பல்களுக்கு வங்கக் கடலின் கீழ்க்கரையில் ஒரு துறைமுகம் தேவைப்பட்டது. சுல்தான் கேட்ட பாதுகாப்புக்குக் கல்கத்தா இணங்கவில்லை. ஆனால் ஏறிய கொடி இறங்கவுமில்லை. ஏமாற்றத்தை உணர்ந்த சுல்தான் 1791-இல் பிறையில் படை திரட்டினார். லைட் முந்திக்கொண்டு தாக்கி அதைக் கலைத்தார். பிறகு எழுதப்பட்ட உடன்படிக்கையில் தீவுக்கு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்று தீர்ந்தது.

அடுத்தது 1800-ஆம் ஆண்டின் உடன்படிக்கை. சுல்தான் ஜியாவுத்தீன், லெப்டினன்ட் கவர்னர் சர் ஜார்ஜ் லீத்துடன் செய்துகொண்டது. மூடா ஆற்று முகத்திலிருந்து கிரியான் ஆற்று முகம் வரை கடற்கரை நெடுகிலும், உள்நோக்கி அறுபது ஓர்லோங் அகலத்துக்கு, நிலம் கம்பெனிக்குச் சேர்ந்தது; ஆண்டுத் தொகை 10,000 டாலராக உயர்ந்தது. அறுபது ஓர்லோங் என்பது மூன்று மைலுக்கும் குறைவு. அந்தக் கணக்குப்படி, நாங்கள் கோப்பி குடித்துக்கொண்டிருந்த தாசேக் கெலுகோர் அப்போது கெடாவிலேயே இருந்திருக்கிறது. எல்லைக்கோடு பிற்பாடு ஏற்பட்ட ஒப்பந்தங்களால், ஆற்றுநீர் கரையைத் தின்பதுபோலக் கிழக்கே நகர்ந்து நகர்ந்து வந்தது. இன்னொரு ஷரத்தை நான் இரண்டு முறை படித்தேன். பெற்றுக்கொண்ட அந்தக் கரையைக் கடல்வழியாக வரும் பகைவர், கொள்ளையர் முதலியோரிடமிருந்து கம்பெனி காக்கும் என்று அது சொல்கிறது. தம் கைக்கு வந்த கரையை அவர்கள் காப்பாற்றிக்கொள்வதில் வியப்பில்லை. சுல்தானின் தமையனார் அப்துல்லா முதலில் எதற்காகத் தீவைக் கொடுக்க முன்வந்தாரோ, அந்தச் சயாம் விஷயமாக ஒரு சொல்லும் அதில் கிடையாது. 1821-இல் சயாமியச் சேனை கெடாவைப் பிடித்தது. சுல்தான் அகமது தாஜுத்தீன் பினாங்குக்கு ஓடிவந்தார். குடிகள் ஆயிரக்கணக்கில் மூடா ஆற்றைக் கடந்து இந்தப் பிரதேசத்துக்குள் புகுந்தார்கள். இவ்வட்டாரத்தின் மலாய்க் கம்பங்கள் பல அவர்களால் நிரம்பியவையே.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பத்தாயிரம் இன்னும் குடுக்கிறாங்களே தம்பி" என்றார். உண்மைதான். கம்பெனி போய், மகாராணி போய், ஜப்பான்காரன் வந்து போய், மெர்டேக்கா என்ற சுதந்திரமும் வந்த பின்னும், கெடாவுக்கு ஆண்டுதோறும் அந்தப் பத்தாயிரம் ரிங்கிட்டாகச் செலுத்தப்பட்டு வந்தது. 2018-இல்தான் அது ஒரு கோடி ரிங்கிட்டாயிற்று.

இந்த 1800 என்ற ஆண்டில்தான் என் மனம் போய்த் தங்கிவிட்டது. பொலிபியஸ் சரித்திரத்தின் தலையாய கருத்தாக நான் மதிப்பது ரோமின் அரசியல் அமைப்பைப்பற்றி ஆறாம் பாகத்தில் அவர் செய்திருக்கும் புகழ்பெற்ற ஆராய்ச்சியையன்று. கி.மு. 220-ஐ ஒட்டிய ஆண்டுகளுக்கு முன், இத்தாலியில் நடந்தது இத்தாலியோடும், ஆப்பிரிக்காவில் நடந்தது ஆப்பிரிக்காவோடும், கிரேக்கத்திலும் ஆசியாவிலும் நடந்தது அவ்வவற்றோடும் நின்றன. அதற்குப் பின் எல்லாம் ஒன்றோடொன்று பின்னி ஒரே சரீரத்தின் அவயவங்களாகிவிட்டன, ஆகையால் தனித்தனி நாட்டுச் சரித்திரம் எழுதுகிறவன் வெட்டுண்ட அங்கங்களைப் பார்த்துவிட்டு உயிருள்ள உடலைக் கண்டதாக நினைக்கிறான் என்று அவர் சொல்கிறாரே, அதுதான் எனக்குத் தலையாயது. செபராங் பிறைக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் வெல்லெஸ்லி மாகாணம். எந்த வெல்லெஸ்லி? 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தபோது கவர்னர் ஜெனரலாக இருந்த ரிச்சர்டு வெல்லெஸ்லி. அதே ஆண்டு அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது அவருடைய ஆட்சியில். 1801-இல் கர்நாடகம் கம்பெனியின் கைக்கு முழுவதும் வந்ததும், காளையார்கோயில் கோட்டை விழுந்ததும், அக்டோபர் மாதம் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கில் மாண்டதும் அவருடைய ஆட்சியிலேயே. பள்ளியில் நான் படித்த சரித்திரத்தில் கயத்தாறு இருந்தது, கெடா இல்லை. இங்குள்ள பிள்ளைகள் படிக்கும் சரித்திரத்தில் கெடா இருக்கிறது, கயத்தாறு இல்லை. இரண்டும் ஓர் உடம்பின் இரண்டு கைகள் என்பதை எனக்குச் சொல்ல, மெகலோபொலிஸிலிருந்து ஒரு கைதி வரவேண்டியிருந்தது.

அந்த உடம்பின் நரம்பு ஒன்று பினாங்கிலேயே ஓடுகிறது. மருதுபாண்டியரின் போராட்டத்தில் பிடிபட்டவர்களுள் எழுபதுக்கு மேற்பட்டோர் 1802-இன் தொடக்கத்தில் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டு, வேல்ஸ் இளவரசர் தீவு என்று அந்நாளில் பெயர் சூட்டப்பட்டிருந்த இந்தப் பினாங்குக்கே நாடுகடத்தப்பட்டார்கள். சிவகங்கையின் அரசுக்கட்டிலில் இருந்த வேங்கன் பெரிய உடையத் தேவர் அவர்களில் ஒருவர். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி இன்னொருவர். அப்போது வயது சுமார் பதினைந்து. கங்காணிகள் வருவதற்கும், ரப்பர் மரம் இந்த மண்ணைக் காண்பதற்கும் நெடுங்காலம் முன்பு, சிவகங்கைச் சீமையிலிருந்து பினாங்குக்கு வந்தவர்கள் இவர்கள். இந்தக் கடலும் இந்தக் கரையும் நமக்குப் புதியவை அல்ல. 1025-இல் ராஜேந்திர சோழன் கடாரத்தின்மேல் கப்பற்படை செலுத்தினான். அதற்கும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே புத்தகுப்தன் என்னும் மாநாவிகனின் கல்வெட்டு, இதே செபராங் பிறையின் வடபகுதியில் நிறுத்தப்பட்டது. ஆனால் அவர்கள் வேண்டுமென்று வந்தவர்கள். இவர்களோ பிணைகள்.

ஆயிரம் அக்காயரில் ஒரு பொலிபியஸ் தோன்றினார். இந்த எழுபது பேரில் ஏன் ஒருவரும் எழுதவில்லை? அறிவுக் குறைவு என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். பொலிபியஸுக்கு ரோமில் ஸ்கிப்பியோ எமிலியானஸ் என்ற பெருங்குடி இளைஞனின் சிநேகிதம் வாய்த்தது. அவன் வீட்டுப் புத்தகங்கள் வாய்த்தன. அவனோடு நாடுநாடாகச் சுற்றும் சுதந்திரமும் வாய்த்தது. கி.மு. 146-இல் கார்த்தேஜ் தீக்கிரையானபோது, வெற்றிபெற்ற ஸ்கிப்பியோ, ஒருநாள் தன் ஊருக்கும் இதே கதி நேரும் என்று நினைந்து கண்ணீர் விட்டதை, பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். துரைச்சாமிக்கு யார் இருந்தார்கள்? இங்கேயும் ஒரு சிநேகத்தின் சாயல் உண்டு, அது நெஞ்சை அறுப்பது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி ராணுவ அதிகாரி, போருக்கு முன்பு சின்ன மருதுவிடம் பழகி, ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவரிடமே கற்றுக்கொண்டவர். பின்பு அவருக்கெதிராகவே களத்தில் நின்றவர். அவர் 1818-இல் பினாங்குக்கு வந்தபோது, துரைச்சாமி அவரைத் தேடிவந்து பார்த்தார். முப்பது வயதை ஒட்டிய அந்த மனிதர் கிழவர்போல் தளர்ந்து நோயுற்றிருந்ததைக் கண்டு மனம் கலங்கியதாக வெல்ஷ் தம் நினைவுநூலில் பதிவு செய்திருக்கிறார். ஆக, துரைச்சாமியைப்பற்றிய அந்த வரிகளும் அவரைத் தோற்கடித்தவர்களின் பக்கத்திலிருந்தே நமக்கு வந்து சேர்கின்றன.

இப்பகுதியில் பொலிபியஸுக்கு அருகில் நிறுத்தத்தக்க ஓர் எழுத்தாளர் உண்டென்றால், அவர் முன்ஷி அப்துல்லா. 1796-ஐ ஒட்டி மலாக்காவில் பிறந்தவர். அரபு இரத்தமும் நாகூர்த் தமிழ் இரத்தமும் கலந்த குடும்பம். சிறுவயதில் தந்தையார் அவரைத் தமிழ் கற்க அனுப்பினார், ஏனெனில் மலாக்கா வர்த்தகரின் கணக்கும் பேச்சும் அக்காலத்தில் தமிழிலேயே நடந்தன. 1807-இல் ஆங்கிலேயர் மலாக்காக் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்ததைப் பாலப் பருவத்தில் கண்ணாரக் கண்டு, யானையளவும் வீட்டளவும் கற்கள் வானில் எழும்பிக் கடலில் விழுந்ததை, 1849-இல் அச்சான தம் ஹிகாயத் என்னும் தன்வரலாற்றில் வர்ணித்தார். கார்த்தேஜின் தீயைப் பார்த்த கண்ணோடு ஒப்பிடத்தக்க கண் அது. ஆங்கிலேய அதிகாரி ராபிள்ஸிடம் எழுத்தராக இருந்தவர். ஆங்கிலேயரைப் புகழ்ந்தார் என்று அவரைக் குறை சொல்வோர் பலர். பொலிபியஸின்மேலும் இந்தக் குற்றச்சாட்டு உண்டு; எதிரியின் வீட்டில் உண்டு உறங்கியவனைச் சொந்த ஊர் அவ்வளவு சுலபமாக நம்பிவிடாது. என் அபிப்பிராயத்தில் இருவருக்கும் உள்ள வேற்றுமை வேறிடத்தில் இருக்கிறது. அப்துல்லா கண்டதைக் கண்டபடி சொன்னார். மலாய் அரசர்களின் குறைகளை அஞ்சாமல் எழுதினார். ஆனால் இது எப்படி நேர்ந்தது, இந்த ஆட்சி வெறுக்கத்தக்கதா, விரும்பத்தக்கதா என்ற கேள்வியைப் பொலிபியஸ் கேட்டதுபோல் அவர் கேட்கவில்லை. பொலிபியஸ், தாம் முதலில் எண்ணியபடி கி.மு. 167-இல் நூலை முடிக்காமல் 146 வரை நீட்டியதே இதற்காகத்தான்: வென்றவர்களை வெற்றியைக்கொண்டு மட்டும் எடைபோட முடியாது, வென்றபின் அவர்கள் ஆண்ட விதத்தைக்கொண்டுதான் பிற்காலத்தவர் தீர்ப்புச் சொல்ல முடியும் என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை நான் ஆசிரியராகக் கொள்கிறேன்.

வெயில் தாழ்ந்ததும் பெரியவரின் மோட்டார் சைக்கிளில் பினாங் துங்கல் பக்கமாக மூடா ஆற்றங்கரைக்குப் போனோம். வழியில் சிறிது தூரம் செம்பனை, பிறகு வயல், பிறகு வீடுகள். ஆறு அகலமாக, மண்ணிறமாக, அவசரமின்றி ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பத்துமூன்று ஆண்டுகளில் ரோம் உலகத்தை வென்றது; கம்பெனியும் அதன் வாரிசும் பினாங்கில் கொடியேற்றியதிலிருந்து இந்த ஆற்றின் அக்கரையை அடைய 1909 வரை, நூற்றிருபத்துமூன்று ஆண்டுகள் ஆயின. அவ்வளவு மெதுவாக வந்ததால்தான் வருவது தெரியவில்லையோ என்னவோ.

"அந்தாண்ட கெடா, இந்தாண்ட பினாங்கு" என்றார் பெரியவர். "நாங்க குடிக்கிறதெல்லாம் இந்தத் தண்ணிதான் தம்பி. தீவுக்கும் இதான் போகுது. கெடாக்காரவுங்க காசு கேக்கிறாங்க." ஒரு கல்லை எடுத்து ஆற்றில் எறிந்தார். எங்கள் ஊர்ப்பக்கத்தில் வளரி எறிவதைப்போலப் பக்கவாட்டில் கையை வீசி எறிந்தார். அவருக்கு அதை யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டேன். அப்பா என்றார்.

வீடு திரும்பியபோது அந்த அம்மாள் வாசலிலேயே இருந்தார். துரைச்சாமியின் கதையை அவருக்கும் சொன்னேன். கப்பலை, பதினைந்து வயதை, பதினாறு ஆண்டுகள் கழித்து ஒரு வெள்ளைக்காரர் கண்ட அந்த நோயாளி முகத்தை. கத்தியைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் புள்ளையோட ஆத்தா அப்ப இருந்துச்சா?" என்று கேட்டார்.

என்னிடம் விடை இல்லை. புத்தகப் பைக்குள் கையை விட்டு வெறுமனே எதையோ தேடினேன். அதற்குள் மேற்கே இருட்டிக்கொண்டு வந்து, முதல் தூறல் பாயில் விழுந்தது. "ஆசம் நனையுது, எடுங்க, எடுங்க" என்று அவர் எழுந்தார்; நாங்கள் மூவரும் குனிந்து, வெளுத்தவற்றை ஒரு தட்டிலும் கறுத்தவற்றை ஒரு தட்டிலுமாக வாரி உள்ளே கொண்டுபோனோம்.